நாடி பார்க்கும் பாடம்

பயிற்சி கொடுக்க வந்த பெண், யாருக்கு யார் ஜோடி என்று வாசித்து முடித்ததும் கம்ப்யூட்டர் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும்தான் கேட்டது. அவள் வெளியாள். அன்று காலையில்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை முதல்முறையாக மிதித்தவள். அந்த அமைதியை அவள் கவனம் என்று எடுத்துக்கொண்டாள்.

"கணக்கு டீச்சரும் சயின்ஸ் சாரும் ஒரே வீடுன்னு லிஸ்ட்ல பாத்தேன். அதான் வேணும்னே சேத்துப் போட்டிருக்கேன். இங்க முடியாததை வீட்ல போய் முடிச்சுக்கலாம் பாருங்க," என்று சிரித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. விளையாட்டு மாஸ்டர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிராயிங் டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

கணக்கு டீச்சரும் சயின்ஸ் சாரும் கணவன் மனைவிதான். ஆனால் நாலு மாதத்துக்கு முன்பு சார் ஒரு பெட்டியையும் தன் தலையணையையும் எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலகப் பட்டியலில் முகவரியை மாற்ற அவரும் போகவில்லை, அவளும் போகவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க விஷயம் தெரியும். தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதில்தான் எல்லோரும் குறியாக இருந்தார்கள். அவள் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று மழையைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ திரும்பிவிடும். சார் மதியச் சாப்பாட்டை லேபிலேயே வைத்துக்கொண்டார். காரிடாரில் எதிரே வந்தால் இரண்டு பேரும் தலையசைத்துக்கொள்வார்கள், மற்ற எல்லோரிடமும் செய்வதைப் போல.

அவர் கிளம்பிய அன்று சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நாலு பேருக்குச் சொல்ல ஒரு கதையாவது மிஞ்சியிருக்கும். அவர் போனபிறகு அவள் அழவும் இல்லை. வகுப்புக்கு ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. திருத்திய தாள்களைச் சொன்ன தேதியில் கொடுத்தாள். "உள்ளயே வெச்சுக்காதடி. ஒருதடவை ஓன்னு அழுது தீத்துடு," என்று டிராயிங் டீச்சர் பிடிவாதமாகச் சொன்னாள். அவளும் முயன்று பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, நின்றாள். வாளி நிறைந்தது. தண்ணீர் வீணாகிறதே என்று குழாயை மூடிவிட்டு வெளியே வந்து துணி மடித்தாள்.

வாரம் ஒருமுறை அவருடைய அண்ணி போன் செய்வாள். ஓர்ப்படி என்றாலும் இவளுக்கு அவள் எப்போதும் அக்காதான். "உன் வீட்டுக்காரர் இங்க வந்து நாள் பூரா மீன் தொட்டி முன்னாடி உக்காந்திருக்கார்டி. மீனுக்கே ஒரு மாதிரி இருக்கு. நீ ஒரு வார்த்தை வாங்கன்னு கூப்பிட்டா என்ன, குறைஞ்சா போயிடுவே?" என்பாள். "சரிக்கா," என்பாள் இவள். அதோடு சரி. வீம்பு ஒன்றும் இல்லை. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. கூப்பிடக் கூடாது என்றும் தோன்றவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் இருக்கிறதே, அதைக் கிள்ளினால் கிள்ளுவது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

இப்போது எல்லோரும் நாற்காலியை இழுத்து இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். சார் தன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலி. அவருடைய முழங்கால் மேஜையில் இடித்தது.

"டைப் பண்றீங்களா டீச்சர், இல்ல நான் பண்ணட்டுமா?"

பள்ளிக்கூடத்தில் அவர்கள் எப்போதுமே ஒருவரையொருவர் டீச்சர், சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் முன்னால் அதுதான் முறை என்று கல்யாணமான புதிதில் அவரே சொன்னது. சாயங்காலம் தெருமுனை திரும்பியதும் "நீ"யும் "ஏங்க"வும் வந்துவிடும். இப்போது திரும்புவதற்குத் தெருமுனை இல்லை.

"நானே பண்றேன் சார்," என்றாள்.

வேலை இதுதான். இரண்டு பாடங்களும் கலந்த மாதிரி ஒரு வகுப்பைத் தயார் செய்ய வேண்டும். அதற்கான யோசனையை இணையத்தில் தேட வேண்டும். ஆனால் வழக்கமாகத் தேடும் இடத்தோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லோரும் தினமும் பயன்படுத்தும் தேடுபொறி ஒன்று, படங்களை மட்டும் தேடித் தருவது ஒன்று, வீடியோக்களுக்கு ஒன்று, உலகத்து ஆசிரியர்கள் தங்கள் பாடங்களைப் போட்டு வைக்கும் தளம் ஒன்று, கடைசியாக, கேள்வி கேட்டால் மனிதர் மாதிரி உட்கார்ந்து பதில் எழுதும் கருவி ஒன்று. ஒரே விஷயத்தை ஐந்திலும் தேடி, எது எதற்கு உதவும், எது காலை வாரும் என்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.

அவள் தேடுபொறியைத் திறந்து, 'ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியலையும் கணக்கையும் சேர்த்து நடத்துவதற்கு ஏற்ற பாடம் எது' என்று முழுசாகத் தட்டினாள்.

"இது தபாலா?" என்றார் அவர். "பேரன்புடையீர்னு ஆரம்பிச்சிருக்கலாமே."

"கேக்கறதை ஒழுங்கா கேட்டாதான் ஒழுங்கா சொல்லும்."

"அதுக்கு ரெண்டு வார்த்தை போதும். 'நாடித்துடிப்பு, வகுப்பு'. போடுங்க."

நாடித்துடிப்பு அவருக்கு அந்த மாதத்துப் பாடம். சராசரியும் வரைபடமும் அவளுடையது. மாடிப்படி ஏறுவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் ஒருவர் நாடியை ஒருவர் எண்ணி, சராசரி கண்டுபிடித்து, வரைபடம் போட்டால் இரண்டும் வந்துவிடும். வேலை என்று வந்துவிட்டால் அவர்கள் இரண்டு பேருக்கும் தகராறே வராது. வீட்டிலும் அப்படித்தான். மகளுக்குக் கல்லூரி தேடியபோதும், வீடு மாறியபோதும், யார் எதைச் செய்வது என்று நாலு வாக்கியத்தில் பேசி முடித்தார்கள்.

அவர் சொன்ன இரண்டு வார்த்தைகளைப் போட்டதும் தேடுபொறி கைக்கடிகாரம் விற்க ஆரம்பித்தது. அடுத்த பக்கம் முழுக்க ஆஸ்பத்திரிகள். ஒன்று, 'உங்கள் இதயம் உங்களிடம் ஏதாவது சொல்கிறதா?' என்று கேட்டது. அவள் அதைத் தள்ளிவிட்டாள். படங்களில் தேடினால் கை கால் முளைத்த சிவப்பு இதயங்கள் ஓடிக்கொண்டும் டம்பெல் தூக்கிக்கொண்டும் இருந்தன. ஒன்றே ஒன்று ஆசிரியரின் கையைக் காட்டியது. மாணவனின் மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்தி நாடி பார்க்கிறார்.

"இது தப்பு," என்றார் சார். "கட்டைவிரல்ல பாக்கக் கூடாது. அதுக்கே ஒரு துடிப்பு இருக்கு. அவங்க நாடின்னு நினைச்சு நம்ம நாடியையே எண்ணிட்டிருப்போம்."

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். 'படம்: கட்டைவிரல் கூடாது. இரண்டு விரல்.'

வீடியோவில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டே பாதி நேரத்தைத் தின்றார். ஆசிரியர்களுடைய தளத்தில் அருமையான பாடம் ஒன்று கிடைத்தது. என்ன, ஒவ்வொரு பிள்ளைக்கும் மார்பில் கட்டும் கருவி ஒன்று வேண்டுமாம். "நம்ம லேப்ல நாலு தெர்மாமீட்டர்ல மூணு உடைஞ்சது," என்றார் சார். ஆனால் அதே பக்கத்தின் அடியில், கருவி இல்லாத ஓர் ஆசிரியை எப்படிச் சமாளித்தேன் என்று எழுதியிருந்ததுதான் அன்று கிடைத்ததிலேயே உருப்படியானது.

கடைசியாக, பதில் எழுதும் கருவி. அவள் தன் வழக்கப்படி நீளமாகக் கேட்டாள். அது மூச்சு வாங்காமல் முழுப் பாடத்தையும் எழுதித் தள்ளியது. நோக்கம், தேவையான பொருட்கள், முப்பது பிள்ளைகளின் நாடித்துடிப்பு அடங்கிய அட்டவணை, சராசரி, மேலும் படிக்க ஒரு புத்தகம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் இனிமே வேலை இல்ல போலிருக்கே," என்றார் சார்.

அவள் பேனாவை எடுத்து அட்டவணையைக் கூட்டினாள். கணக்கு டீச்சர்களுக்கு அது ஒரு வியாதி. "சராசரி தப்பு சார்."

"தப்பா?"

"கூட்டிப் பாருங்க. அதுவும் போக, முப்பது பேருக்கும் எண் அஞ்சுலயோ பூஜ்யத்துலயோதான் முடியுது பாருங்க. பசங்களை எண்ணி வந்த நம்பர் இல்ல இது. இட்டுக்கட்டினது."

அது சிபாரிசு செய்த புத்தகத்தைப் பக்கத்து மேஜையில் இருந்த நூலகத்து அம்மா தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு புத்தகமே உலகத்தில் இல்லை. சுற்றி நடந்துகொண்டிருந்த பயிற்சிப் பெண் இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்காத குறை. "இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! அழகா எழுதும், அதுக்காக அப்படியே நம்பிடக் கூடாது. அந்த நம்பரைத் தூக்கிப் போடுங்க. நீங்க ரெண்டு பேருமே ஒருத்தருக்கொருத்தர் நாடி பாத்து, நிஜமான நம்பரைப் போடுங்க. வாங்க, இப்பவே. எல்லாரும் இங்க பாருங்க!"

எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்கவும் முயன்றார்கள்.

டிராயிங் டீச்சர் எழுந்தே விட்டாள். "நான் வேணா வரேனே. எனக்கு பி.பி. வேற இருக்கு, நம்பர் நல்லா வரும்."

"பரவால்ல, உக்காரு," என்றாள் கணக்கு டீச்சர்.

சார் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை நீட்டினார். கடிகாரம் கட்டிய இடம் மட்டும் வெளுத்திருந்தது. அவள் இரண்டு விரலை வைத்தாள். உடனே கிடைத்தது. பயிற்சிப் பெண் போனில் அரை நிமிடம் வைத்தாள். அவள் எண்ணினாள். அந்தக் கையைத் தொட்டு நாலு மாதம் ஆகிறது. அதற்கு முந்தைய மாதங்களையும் சேர்த்துக்கொண்டால் எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஏதாவது ஆகும் என்று அறையே காத்திருந்தது, அவளும்தான் காத்திருந்தாள். நாடி ஒரே சீராக ஓடியது, பழைய மின்விசிறி மாதிரி. இரண்டால் பெருக்கியபோது பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணே வந்தது.

பிறகு அவர் அவளுடையதை எண்ணினார். அவளுக்கு அவரைவிட இரண்டு கம்மி.

"பாத்தீங்களா, ரெண்டு பேரும் எவ்வளவு அமைதி!" என்றாள் பயிற்சிப் பெண். "இப்ப மாடிக்கு ஏறிட்டு, ஏறின இடத்துலயே நின்னு எண்ணிட்டு வாங்க."

மாடிப்படியில் யாரும் இல்லை. பிள்ளைகளுக்கு அன்று விடுமுறை. இருவரும் வேகமாக ஏறினார்கள். மேல்தளத்தில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த இடத்துக்கு வந்ததும் சார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைத்தார். சட்டை தோளில் தொங்கியது. அண்ணி சொன்னது சரிதான், மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணைத் தன் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

"கையெல்லாம் காய்ஞ்சு போயிருக்கே. என்ன, எண்ணெய் எதுவும் தடவறதில்லையா நீ?" என்றார் அவர்.

நீ. அவர் கவனித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"பேசாதீங்க. எண்ணிட்டிருக்கேன்."

எண்ணி முடிக்கவில்லை. முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ என்று வந்தபோது எண் கைநழுவிவிட்டது. பதற்றத்தால் இல்லை, ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றுவிட்டது. நாலு மாதமாகக் கேட்காத கேள்வி. கேட்காததற்குக் காரணம் என்று ஒன்றும் கிடையாது. இப்போது கேட்டதற்கும் அப்படித்தான்.

"ஏங்க போனீங்க?"

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடுக்கிய பெஞ்சுகளைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நம்ம வீடு ஸ்டாஃப் ரூம் மாதிரி ஆயிடுச்சு. யாரு கேஸ் புக் பண்றது, யாரு கரண்ட் பில் கட்டறது, பொண்ணுக்கு யாரு போன் பண்றது... எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. ஒரு நாள் சாயங்காலம் உள்ள வந்து உக்காந்தேன். வீட்டுக்கு எப்பக் கிளம்பறதுன்னு தோணிச்சு. உக்காந்திருக்கறதே வீட்லதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். அவர் சொன்னது அவளுக்குத் துல்லியமாகப் புரிந்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் அதற்கு ஒரு பெயர் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

"நான் போறேன்னு சொன்னப்ப நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"சாவி எடுத்துக்கிட்டீங்களான்னு கேட்டே."

ஞாபகம் இருந்தது. தினமும் காலையில் கேட்பது. அன்றும் வாயில் வந்துவிட்டது. வாசலில் பெட்டியோடு அவர் திரும்பிப் பார்த்ததும், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்று சொன்னதும், கதவைச் சாத்திவிட்டு அவள் அடுப்பை அணைக்கப் போனதும், எல்லாம் அப்படியே இருந்தது.

"இருங்க, இங்கேயே இருங்கன்னு சொல்லுவேன்னு நினைச்சீங்களா?"

"அதை எதிர்பாக்கல. நீ திட்டுவேன்னு நினைச்சேன்."

கீழேயிருந்து விளையாட்டு மாஸ்டரின் குரல் வந்தது: "சார்! டீச்சர்! நம்பர் கிடைச்சுதா?"

அவள் இன்னும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்த் திரும்ப ஏறினால்தான் சரியான எண் கிடைக்கும். இரண்டு பேரும் இறங்கி, மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை எண் தவறவில்லை. அவள் எழுதிக்கொண்டாள், அவர் அவளுடையதை எண்ணிச் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டாள்.

படி இறங்கும்போது அவர் கேட்டார். "திரும்பி வரட்டுமா?"

அவள் உண்மையிலேயே யோசித்துப் பார்த்தாள். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வது போல இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பார்த்தாள். அவர் வந்து மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்காருவதை நினைத்தாள். உட்காராததை நினைத்தாள்.

"தெரியலங்க," என்றாள்.

"எனக்கும்தான்," என்றார் அவர். அதில் கோபமில்லை. "சும்மா கேட்டுப் பாத்தேன்."

சாயங்காலம் அவர்கள் தங்கள் பாடத்தை எல்லோர் முன்னாலும் நடத்திக் காட்டினார்கள். நாடி எங்கே இருக்கிறது, எப்படி எண்ணுவது என்று அவர் சொன்னார். எண்களை வரைபடமாக அவள் போர்டில் போட்டாள். ஐந்து கருவிகளில் எது எங்கே காலை வாரியது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொண்டார். ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்கு இருந்த ஜோடிகளிலேயே இதுதான் முதல் என்று பயிற்சிப் பெண் அறிவித்தாள். கைதட்டல் பலமாக எழுந்து, இவ்வளவு தட்டலாமா என்ற சந்தேகத்தில் பாதியில் அடங்கியது.

அதற்குப் பிறகு யாரோ பயிற்சிப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கு டீச்சர் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாள். கண் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. கைய வேற பிடிக்க வெச்சு... நான் ஒரு மடச்சி."

"அழாதீங்கம்மா. அட்ரஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிவிட்டுத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். தன் குடும்பத்துக்காக முன்பின் தெரியாத ஒரு பெண் அழுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது விநோதமாக இருந்தது. தன்னால் முடியாத ஒரு வேலையை வேறொருத்தி செய்துகொடுப்பது மாதிரி. அந்தப் பெண் மூக்கைச் சிந்தி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அவள் அம்மாவிடம் அப்பாவைப் பற்றியும், அப்பாவிடம் அம்மாவைப் பற்றியும் மூச்சுவிடமாட்டாள். இரண்டு பாடத்துக்கு இரண்டு நோட்டுப் போட்டவள் மாதிரி தனித்தனியாக வைத்திருந்தாள்.

"இன்னைக்கு என்னம்மா பண்ணினே?"

"அப்பாகூட ஒரு பாடம் தயார் பண்ணினேன்."

"சண்டை போட்டுக்கிட்டீங்களா?" என்று ஒரு சின்னக் குரல்.

"இல்லையே. நல்லாத்தான் வந்துச்சு."

"சண்டையாவது போடுங்களேம்மா," என்றாள் மகள். சொல்லிவிட்டு விசும்பத் தொடங்கினாள். "நான் இங்க உக்காந்துக்கிட்டு என்னன்னு நினைக்கறது? ரெண்டு பேரும் என்கிட்ட நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன்னு... யாருமே நல்லா இல்லாம எப்படிம்மா எல்லாரும் நல்லாயிருக்க முடியும்?"

ஒரே நாளில் இரண்டு பேர் அவளுக்காக அழுதுவிட்டார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சமையலறைச் சுவரில் சாய்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். சமாதானம் சொல்லி வழியனுப்பும் வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எதையும் எடுக்கப் பிடிக்கவில்லை.

"நான் நல்லா இல்லடா," என்றாள். "நல்லா இல்லன்னும் சொல்ல முடியல. எனக்கு எதுவுமே தெரிய மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே அப்படித்தான்."

மகளின் அழுகை நின்றது. "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அதன்பிறகு ரொம்ப நேரம் பேசினார்கள். பெரும்பாலும் மகள்தான் பேசினாள். ஹாஸ்டல் அறைத்தோழியின் குறட்டையைப் பற்றி. அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். குறட்டை விடுபவளை மகள் நடித்துக் காட்டியபோது ஒரு முறை சிரித்தும்விட்டாள்.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்பில் அந்தப் பாடத்தை இரண்டு பேரும் சேர்ந்தே நடத்தினார்கள். வகுப்பு அல்லோலகல்லோலப்பட்டது. ஒருவன் தோழனின் முழங்கையில் நாடி தேடினான். இரண்டு பேர் எண்ணுவதை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு யார் பலசாலி என்று பார்த்தார்கள். கடைசி வரிசையில் எப்போதும் பேசாத ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கியது. கண்ணில் நீர் முட்டி நின்றது.

"மிஸ், இவளுக்கு என் நாடி கிடைக்கவே இல்ல மிஸ். எனக்கு நாடியே இல்லையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "செத்துட்டா, செத்துட்டா!" என்று ஒருவன் கத்தினான். சார் அவனை ஒரு பார்வை பார்த்தார், அடங்கினான்.

கணக்கு டீச்சர் போய்க் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெல்லிய கை. தோழி அழுத்திய தடம் சிவந்து கிடந்தது.

"இவ்வளவு அழுத்தினா எப்படிக் கிடைக்கும்? ஓட்டத்தையே நிறுத்திடறீங்க. நீயே ரெண்டு விரலை லேசா வை. விரல் அங்க இருக்குன்னு தோலுக்குத் தெரியணும், அவ்வளவுதான். இப்ப சும்மா இரு. தேடாத."

குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் விரலைப் பார்த்தது. பிறகு அதன் முகம் விரிந்தது. "இருக்கு மிஸ்! ஓடுது!"

"ஓடாம எங்க போகும்? எண்ணு."

வருஷக் கடைசியில் அவர்கள் இரண்டு பேரும் வக்கீலிடம் போய் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றும் சண்டை இல்லை. வெளியே வந்து டீ குடித்தார்கள். யார் காசு கொடுப்பது என்றுதான் கொஞ்சம் இழுபறி. சார் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டார். அண்ணி இப்போதும் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். கூப்பிடச் சொல்லி நச்சரிப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

பயிற்சிப் பெண் அவர்களுடைய பாடத்தை ஆசிரியர்களுக்கான தளத்தில் ஏற்றிவிட்டிருந்தாள். கீழே இரண்டு பேர் பெயரும் இருந்தது. அதை யார் யாரோ எடுத்து நடத்தினார்கள். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சருக்கு முன்பின் தெரியாத ஓர் ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. பாடம் நன்றாகப் போனதாம். ஒரே ஒரு சிக்கல். என் வகுப்பில் ஒற்றைப்படையில் பிள்ளைகள், ஜோடி சேர்த்தால் ஒருவன் மிஞ்சிவிடுகிறான், அவனை என்ன செய்வது?

அவள் பேனாவை வைத்துவிட்டுப் பதில் எழுதினாள். 'மிஞ்சுகிற பிள்ளை தன் நாடியைத் தானே பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் கிடைக்காவிட்டால் கழுத்தில், தாடைக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நன்றாகவே தெரியும்.'

அனுப்புவதற்கு முன் ஒரு சந்தேகம். அறிவியல் அவளுடைய பாடம் இல்லை. எழுதியதை அப்படியே சாருக்கு அனுப்பினாள். அவர் லேபில்தான் இருந்தார் போலிருக்கிறது; உடனே பதில் வந்தது.

'சரிதான். கழுத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது, மயக்கம் வரும்.'

அதையும் சேர்த்து எழுதி அனுப்பிவிட்டு அவள் அடுத்த தாளை எடுத்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டு, இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.